ஒரே புள்ளியில் இரண்டு வீடு

உயரத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த நாளில் அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

திருச்சியின் பழைய வரைபடங்களையெல்லாம் ஒரே வலைக்குள் ஏற்றும் வேலை அது. வீடு ஒரு புள்ளி, தெருமுனை ஒரு புள்ளி, மருத்துவமனை ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே கோடுகள். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அங்கே போக எது கிட்டத்து வழி, அவர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் வலையிடமே கேட்டுக்கொள்ளலாம். ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ் அதைத்தான் கேட்கும். ரேஷன் கடையும் குடும்ப நீதிமன்றமும் அதைத்தான் கேட்கும்.

பழைய வரைபடத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று எண்கள் இருந்தன. கிழக்கு மேற்கில் எங்கே, வடக்கு தெற்கில் எங்கே, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதுதான் குப்பை. ஒரு வார்டில் அடிக்கணக்கு, அடுத்த வார்டில் மீட்டர், இன்னொன்றில் 'முதல் மாடி' என்று எழுத்தில். உறையூர்ப் பக்கம் பாதிக்குமேல் காலி. ஏற்றும்போதெல்லாம் அந்த எண் வந்த இடத்தில் வேலை நின்றுவிடும்.

"அந்த மூணாவது எண்ணைத் தூக்கிடு வசு," என்றாள் குழுவின் தலைவி பாத்திமா கனி. "நாலு வாரமா அதோட மல்லுக்கட்டுறோம்."

"தூக்கினா மாடி வாசலும் கீழ் வாசலும் ஒரே புள்ளியில வந்து உக்காருமேக்கா?" என்று கேட்டாள் வசுமதி.

"அடுக்குமாடிக்குத்தான் தனிக் கணக்கு இருக்கே. தனி வீட்டைத்தானே சொல்றே? நம்ம ஊர்ல மாடி எப்பக் கட்டுறாங்க? பையனுக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சா கட்டுறாங்க. கீழ அப்பா அம்மா, மேல மகனும் மருமகளும். தனித்தனி வாசலா இருந்தாலும் ஒரே குடும்பம்தானே?"

"எங்க வீட்ல ஒரே குடும்பம்தான். ஆனா ரெண்டு குக்கர்," என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

அறையே சிரித்தது. அங்கே இருந்த பாதிப் பேரின் வீடு அப்படித்தான் இருந்தது. வசுமதியும் சிரித்துக்கொண்டேதான் அந்த விதியை எழுதினாள். ஒரே புள்ளியில் இருக்கும் வாசல்கள் ஒரே வீடு. அதில் இருப்பவர்கள் ஒரே குடும்பம். அன்று மாலையே உறையூர் முழுதும் தடங்கல் இல்லாமல் ஏறியது. கனி எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள்.

அப்போது வசுமதி வாடகைக்கு இருந்த வீட்டின் மாடி காலியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தோணி செல்வம் குடிவந்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவன். காற்றில் விழுந்த துணிகளை மடித்துக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போவான். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் ஓடி வந்து மோட்டாரை நிறுத்துவான். அவளை 'மேடம்' என்பான், அவள் 'சார்' என்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் தாரிணி மட்டும் 'மாடி அங்கிள்' என்று உரிமையோடு கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் படியிலேயே நிறுத்திவைத்துச் சொல்வாள். அவன் பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே முழுதும் கேட்பான். வசுமதி ஜன்னலுக்கு உள்ளே நின்று அதைப் பார்த்ததுண்டு. ஆனால் அவன் வீட்டுக்குள் அவளோ, அவள் வீட்டுக்குள் அவனோ ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

முரளிதரனிடமிருந்து அவளுக்கு விவாகரத்துக் கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாரிணி அவளோடு இருக்கலாம். வீட்டில் வேறு யாராவது வந்து தங்கினால் முரளிதரனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது தீர்ப்பில் இருந்த நிபந்தனை.

ஒரு சனிக்கிழமை காலை நீதிமன்றத்திலிருந்து அறிக்கை வந்தது. குழந்தை வசிக்கும் வீட்டில் தொடர்பில்லாத ஆண் ஒருவர் ஏழு மாதமாக உடன் வசிக்கிறார். தாய் இதைத் தெரிவிக்கவில்லை. குழந்தையைத் தந்தையிடம் மாற்றுவது குறித்து வரும் வெள்ளிக்கிழமை விசாரணை.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு மாடிப்படியின் அடியில் போய் நின்று, "செல்வம் சார், கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள்.

அவன் படியிலேயே உட்கார்ந்து படித்தான். "உடன் வசிக்கிறாரா? நான் எங்க மேடம் உடன் வசிக்கிறேன்? நான் மாடியில வசிக்கிறேன்."

"வலைக்கு மாடி தெரியாது சார். காக்கா பறக்கிறப்போ மேலேருந்து பார்க்கும்ல, அந்த மாதிரிதான் பார்க்கும். காக்காவுக்கு மேலயும் கீழயும் ஒரே இடம்."

"எந்த முட்டாள் மேடம் அப்படிப் பண்ணினான்?"

"நான்தான்," என்றாள் வசுமதி.

அவன் காகிதத்தை மெதுவாக மடித்தான். "மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்ல. சரியாத்தான் சொன்னீங்க."

"எழுதினவங்களே நீங்கதானே? நம்ம வீட்டை மட்டும் பிரிச்சுப் போட முடியாதா?"

நம்ம வீடு என்று அவன் சொன்னதை இருவருமே கவனித்தார்கள். கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"கையால பிரிச்சா நிக்காது. வாரா வாரம் பழைய வரைபடத்துலேருந்து மறுபடி முழுசா ஏறும். ஏறும்போது விதி மறுபடி ஒண்ணாக்கிடும். மாத்தணும்னா விதியைத்தான் மாத்தணும்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் கனி, அறிக்கையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அல்லாவே! நான் சொல்லித்தானேடி எழுதினே."

"உயரத்தோட மறுபடி ஏத்திடலாம்க்கா. ஆள் விட்டு அளந்தா உறையூர் ஒரு வாரத்துல முடிஞ்சிடும்."

கனி எழுந்து போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இந்த விதி மேல எவ்வளவு புகார் வந்திருக்கும்னு நினைக்கிறே? ஒண்ணுகூட வரலை. வந்ததெல்லாம் நன்றி. மேல மகன் இருந்துக்கிட்டுக் கீழ அப்பா அம்மாவை எட்டிப் பார்க்காத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு தெரியுமா? தனி வாசல், தனிக் குடும்பம்னு கை கழுவிட்டிருந்தாங்க. நீ எழுதின விதி வந்ததும் எல்லாம் ஒரே குடும்பம். மகனோட மருத்துவக் காப்பீட்டுல அப்பாவும் சேர்ந்துட்டார். கீழ விழுந்தா மகனோட போன் அடிக்குது. முதியோர் நலத்துறை நம்மளைக் கொண்டாடுது. இப்பப் போய் அது தப்பா ஏத்தினதுன்னு சொல்லணும்கிறே."

"தப்பாத்தானே ஏத்தினோம்?"

"எனக்குத் தெரியும். என்னால கையெழுத்துப் போட முடியாது. நீதிமன்றம் எழுதிக் கேட்டா வேற வழியில்ல, செய்யலாம். அதுக்கு முன்னாடி நாச்சியார் கோயில் பக்கம் நாகப்பன்னு ஒருத்தர் இருக்கார், போய்ப் பார்த்துட்டு வா. அப்புறம் உனக்கு மனசு வந்தா நீதிமன்றத்துல சொல்லு."

நாகப்பன் ஆலையில் கடைசல் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால் இரண்டும் வீங்கி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வேப்பமரம். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. இவள் வரைபட அலுவலகம் என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கய்யா. சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்."

"வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ்மா. முன்னாடி காசும் இல்ல, கூட்டிட்டுப் போகவும் ஆளில்ல. ஒரு வாரம் போவேன், ஒரு வாரம் விட்டுடுவேன். இப்ப வாசலுக்கே வண்டி வருது. எல்லாம் மகன் கணக்குல போகுதுன்னு சொன்னாங்க."

"மகன் சேர்த்துவிட்டாரா?"

அவர் மேலே பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கே தெரியாது. ஆபீஸ்ல சம்பளத்துல பிடிச்சப்பதான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நாள் மோட்டார் போடாம தண்ணியை நிறுத்திப் பார்த்தான். அப்புறம் விட்டுட்டான். வேண்டாம்னு எழுதிக் குடுக்கவும் இல்ல."

"பேச மாட்டாரா?"

"நாலு வருஷமாச்சு. அவன் விரும்பின பொண்ணைக் கட்டிக்கிட்டான். கல்யாணத்துக்கு நான் போகலை. மண்டபம் ரெண்டு தெரு தள்ளிதான். நாதஸ்வரம் இங்க கேட்டுச்சு. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு இதே நாற்காலியில உக்காந்திருந்தேன். எழுந்திருக்கலை." குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "எந்த சாமி பண்ணின வேலையோ, வண்டி வருது."

வசுமதி அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தாள். சொல்ல வந்தது எதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை, பள்ளிச் சீருடையை அவள் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது செல்வம் இறங்கி வந்தான். நாகப்பனைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தாள். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நாளைக்கு, ஆமாம்னு சொல்லிட்டா என்ன? ஒரே வீடுதான், கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு. வலை சொன்னது உண்மையாயிடும். விதியை யாரும் தொட வேண்டாம். பெரியவருக்கு வண்டி நிக்காது. தாரிணியும் உங்ககிட்டயே இருப்பா."

வசுமதியின் கையில் சின்னப் பாவாடை ஒன்று பாதி பிழிந்தபடி நின்றது.

"இது யாருக்காகச் சொல்றீங்க? எனக்காகவா? பெரியவருக்காகவா?"

அவன் கொடியைப் பார்த்தான். "எனக்காகவும்தான்," என்றான்.

ஏழு மாதமாக ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தனக்கே தெரியாமல் அவள் காத்திருந்த வார்த்தையாகவும் அது இருக்கலாம். அதை இப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்று அவளுக்கு அழுகை வந்தது. முதல் கல்யாணம் ஜாதகம் பொருந்தியதால் நடந்தது. பத்துப் பொருத்தம் என்றார்கள். இரண்டாவது, ஓர் எண் விட்டுப்போனதால் நடக்க வேண்டுமா?

"நான் விட்ட ஓட்டையை அடைக்கிறதுக்கு நீங்க வேண்டாம் செல்வம்," என்றாள். சார் என்பது தானாகவே உதிர்ந்துபோயிருந்தது. "அதுக்கு மேல எங்கிட்ட இப்பக் கேட்காதீங்க."

"சரி," என்றான் அவன். மறுபடி மேலே போகும்போது, வழக்கம் போல், தாரிணி படிக்கிற நேரம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. நல அலுவலர் ஓர் அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவள் பார்க்காத மூன்று மாதத்தில் முரளிதரன் இளைத்திருந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாரிணி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா வாங்கித் தந்த கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சண்டை போட வரலை மேடம்," என்றான் முரளிதரன். "எம் பொண்ணு இருக்கிற வீட்ல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியணும்ல? ஏழு மாசம். ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்ல என்ன இருக்கு முரளி? மாடியில குடியிருக்கார். எனக்கும் அவருக்கும் வாசல் வேற, வாடகை வேற."

"மாடின்னு வலையில இல்லையேம்மா," என்றார் அலுவலர். "ஒரே புள்ளி. ஒரே குடும்பம்."

"அது தப்பு மேடம். அந்த விதியை எழுதினதே நான்தான்."

அலுவலர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். முரளிதரனும் பார்த்தான்.

"பாருங்கம்மா. சாட்சி விலைக்குக் கிடைக்குதுன்னுதான் வலையைச் சான்றா எடுத்துக்கறோம். உங்க ஒரு வீட்டுக்கு மட்டும் தப்புன்னு என்னால எழுத முடியாது. விதி தப்புன்னா, அந்த விதியால ஒண்ணான வீடு அத்தனையும் தப்பு. திருத்தி ஏத்துங்கன்னு உங்க அலுவலகத்துக்கு உத்தரவு போகும். அதை வச்சு எந்தெந்த வீட்ல என்னென்ன நடக்குதோ, எல்லாம் நிக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதட்டுமா?"

வசுமதி கதவைப் பார்த்தாள். தாரிணி மிட்டாயில் பாதியை உடைத்து, உள்ளே இருக்கும் அம்மாவுக்காகக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். நாகப்பனின் வீங்கிய கால்கள் நினைவில் வந்தன. நினைவை விரட்ட அவள் முயலவில்லை. அவரைத் தெரியாமலே இதைச் செய்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"எழுதுங்க," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "முடியாதவங்களுக்கு ஒரு மாசம் அவகாசம் குடுங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

"அது என் அதிகாரத்துல இல்லம்மா. நீங்க தனியா மனு போடுங்க."

தாரிணி அவளோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கிளம்பும் முன் நீதிமன்ற வாசலில் முரளிதரன் தயங்கி நின்று, "மாடி ஆளு எப்படி, நல்ல மாதிரியா?" என்று மட்டும் கேட்டான். "நல்ல மாதிரி," என்றாள் வசுமதி. அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

உறையூர் மறுபடி அளக்கப்பட்டது. இந்த முறை உயரத்தோடு. புது விதியையும் வசுமதியேதான் எழுத வேண்டியிருந்தது. யாரும் சிரிக்காத அறையில் எழுதினாள். ஒரே புள்ளியில், ஒரே தளத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒரே குடும்பம். அவகாசம் கேட்ட மனுவுக்கு இரண்டு வாரம் கிடைத்தது. எல்லா வீட்டுக்கும் அறிவிப்புப் போனது. சில மகன்கள் அலுவலகத்துக்கே வந்து, இனிமேல் பிடித்தம் இருக்காதே என்று உறுதி செய்துகொண்டு போனார்கள். கனி அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, ஒவ்வொரு முறையும் முகம் கழுவினாள்.

இரண்டு வாரம் முடிந்து, புது வலை ஏறியது. மறுநாள் நாகப்பனின் டயாலிசிஸ் நாள். வசுமதி அரை நாள் விடுப்பு எடுத்தாள். தன் காரிலேயே அவரைக் கூட்டிப் போவது. பிறகு என்ன செய்யலாம் என்று பிறகு பார்ப்பது. புறப்படும்போது செல்வம் கேட்காமலே கூட வந்து ஏறிக்கொண்டான். "கால் வீங்கினவரைத் தூக்கத் தெரியணும். உங்களுக்குத் தெரியாது," என்றான்.

வேப்பமரத்தடியில் நாற்காலி இல்லை. கீழ்வீடு பூட்டியிருந்தது. கதவில் புது அட்டை ஒன்று தொங்கியது. 'வாடகைக்கு.'

வசுமதி அங்கேயே நின்றுவிட்டாள். செல்வம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாரும்மா அது? மேல வா!" என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

படிகள் செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல் இருந்தன. கதவைத் திறந்த மகனுக்கு அப்பாவின் அதே நெற்றி. பாண்டியராஜன். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

"நீங்கதான் வரைபட ஆபீஸா?" என்றான். "ஒரே தளத்துல இருந்தாத்தான் ஒரே குடும்பம்னு நோட்டீஸ் வந்துச்சு. மேல கொண்டாந்தாச்சு, விலாசமும் மாத்தியாச்சு. காலையில வலையிலயும் பார்த்துட்டேன், ஒரே வீடுன்னு காட்டுது. அப்புறமும் எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் வசுமதி. "பார்க்கத்தான் வந்தோம்."

நாகப்பன் பால்கனியில் இருந்தார். வெயில் நேராக அவர் தோளில் விழுந்தது. தெருவில் போகிறவர்களின் தலைகள் மட்டும் கீழே தெரிந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "நல்லாப் பார்த்துக்கறாங்களாய்யா? கீழேயே இருந்திருக்கலாம்னு தோணுதா?"

"கீழ காத்து வரும். நாலு பேரைப் பார்ப்பேன்," என்றார். பிறகு, "கீழ்வீட்டுக்கு நல்ல வாடகை வருமாம். மருமக சொல்லிக்கிட்டிருந்துச்சு," என்றார்.

செல்வம் கதவருகே நின்று, படிகளின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

"முந்தாநேத்து என்னைத் தூக்கிட்டு வந்தான்," என்றார் நாகப்பன், உள்ளே கேட்டுவிடாத குரலில். "பாதிப் படியில நின்னுட்டான். மூச்சு வாங்குது அவனுக்கு. எனக்குப் பயம். அப்பச் சொன்னான், 'கழுத்தை நல்லாப் பிடிச்சுக்க'ன்னு."

அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"நாலு வருஷத்துல அவன் எங்கிட்டச் சொன்னது அவ்வளவுதாம்மா."

கீழே ஆளில்லாத வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. பாண்டியராஜன் உள்ளேயிருந்து வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு முதுகைக் காட்டி, குனிந்து நின்றான்.